மைனஸ் போடவா, வேண்டாமா? சிபிஏ சிமுலேஷனில் விடைக்கட்டத்தைப் படிப்பது எப்படி

சிபிஏ தேர்வுக்கு (அமெரிக்கக் கணக்காளர் உரிமத் தேர்வு) படிப்பவர்கள் சேர்ந்து பேசும் எந்த இடத்திலும் ஒரு புலம்பல் திரும்பத் திரும்ப வரும். "கணக்கு சரியாத்தான் வந்துச்சு, அதை எப்படிப் போடணும்னுதான் புரியல." உடனே யாராவது ஒருவர், "இன்ஸ்ட்ரக்‌ஷனை ஒழுங்காப் படிக்கணும்" என்று முடித்துவிடுவார். இந்த அறிவுரையில் தப்பில்லை. ஆனால் இது பாதி அறிவுரைதான், கேட்டவருக்கு மீதிப் பாதிதான் தேவை. சிமுலேஷனின் (ஆவணங்களைப் பார்த்து விடைக்கட்டங்களை நிரப்பும் கேள்வி) தலைப்பில் இருக்கும் மூன்று நான்கு வரிகள் பெரும்பாலும் பொதுவானவை. தொகைகளை உரிய கட்டங்களில் இடவும், எதிர்மறை எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி போடவும், தொகை பூஜ்யம் என்றால் 0 என்று இடவும், முழு டாலருக்கு ரவுண்ட் செய்யவும். இவ்வளவுதான் சொல்லும். ஒரு குறிப்பிட்ட வரியில் வரவேண்டிய எண் எதிர்மறையா இல்லையா என்பதை இந்த வரிகள் சொல்லாது. பத்து முறை படித்தாலும் அது அங்கே கிடைக்காது. கிடைக்கும் இடம் வேறு: அட்டவணையின் வரிப்பெயர், நெடுவரிசைத் தலைப்பு, முன்பே நிரப்பி வைத்திருக்கும் எண்கள், மொத்த வரி, பிறகு எக்சிபிட்டுகள், அதாவது கேள்வியோடு தரும் ஆவணங்கள்.

இதை இவ்வளவு நீட்டிப் பேசக் காரணம் எடை. ஃபார் பிரிவில் (நிதிக் கணக்கியல்) 50 எம்சிக்யூ (பலவற்றில் ஒன்றைத் தேரும் கேள்வி), 7 சிமுலேஷன். மதிப்பெண்ணில் ஆளுக்குப் பாதி. ஆடிட்டிலும் (தணிக்கை) 7, ரெக்கில் (வரியும் சட்டமும்) 8, அங்கேயும் பாதிக்குப் பாதி. ஐஎஸ்சி-யில் (தகவல் அமைப்புகள்) மட்டும் சிமுலேஷனுக்கு 40 சதவீதம். சிமுலேஷனுக்குப் பகுதி மதிப்பெண் உண்டு என்பது ஆறுதல். ஆனால் குறியைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஒரு கட்டத்தோடு அந்தத் தப்பு நிற்காது, நெடுவரிசை முழுக்க இறங்கிவிடும். கணக்கில் தடுமாறியவரும், கணக்கை முழுதாக அறிந்து மைனஸில் தடுமாறியவரும் திரைக்கு முன்னால் ஒன்றுதான். எனக்கு ஆறாமல் இருப்பது இந்த இரண்டாமவர் விஷயம்.

ஒரு வரி, இரண்டு நியாயங்கள்

ஒரே ஒரு அட்டவணையைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். மறைமுக முறையில் (நிகர லாபத்தில் தொடங்கி ரொக்கத்துக்கு வருவது) ரொக்க ஓட்ட அறிக்கை, இயக்க நடவடிக்கைப் பகுதி. நிகர லாபம் 148,000 டாலர் முன்பே நிரப்பியிருக்கிறது. தேய்மானம் 36,000. உபகரணம் விற்றதில் லாபம் 9,000. வரவேண்டிய கணக்குகள் 14,000 உயர்ந்திருக்கின்றன, சரக்கிருப்பு 6,000 குறைந்திருக்கிறது, செலுத்தவேண்டிய கணக்குகள் 11,000 குறைந்திருக்கின்றன. கடைசி வரி 156,000 என்று வரவேண்டும். கணக்கில் யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போது வரிப்பெயர்கள். வரவேண்டிய கணக்குகளுக்கு "(உயர்வு) குறைவு" என்று இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பது எதிர்மறை, வெளியே இருப்பது நேர்மறை, உயர்ந்திருப்பதால் -14,000. சரக்கிருப்புக்கும் அதே தலைப்பு, குறைந்திருப்பதால் 6,000. செலுத்தவேண்டிய கணக்குகளில் பெயர் திரும்பி நிற்கும்: "உயர்வு (குறைவு)". குறைந்திருப்பதால் -11,000. வேகமாகப் போகிற கண் மூன்றையும் ஒரே மாதிரி வாசித்துவிட்டு மூன்றாவதில் குறியைத் தவறவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அடைப்புக்குறி எந்தச் சொல்லைச் சுற்றியிருக்கிறது என்பதை வரிக்கு வரி பார்க்க வேண்டும்.

சிக்கல் உபகரண வரியில். அதன் பெயர் "கழிக்க: உபகரண விற்பனை லாபம்". 9,000 என்று போடுவதா, -9,000 என்று போடுவதா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. "கழிக்க" என்ற சொல்லே கழித்தலைச் சொல்லிவிட்டது, மைனஸும் போட்டால் கழித்ததைக் கழித்துக் கூட்டியதாகிவிடும் என்பது ஒரு நியாயம். மேலே உள்ள அறிவுறுத்தல் எதிர்மறைக்கு மைனஸ் போடச் சொல்கிறதே, இந்த வரி மொத்தத்தைக் குறைக்கத்தானே செய்கிறது என்பது இன்னொரு நியாயம். இந்த இடத்தில்தான் ஐந்து நிமிடம் கரைகிறது.

முதலில் பார்க்கவேண்டியது மொத்த வரி உயிரோடு இருக்கிறதா என்று. சில அட்டவணைகளில் கடைசி வரி தானாகக் கூட்டிக்கொள்ளும். அப்படியானால் சந்தேகத்துக்கே இடமில்லை: 9,000 போட்டுப் பாருங்கள். எல்லாம் நிரம்பிய பிறகு மொத்தம் 174,000 என்று நின்றால், அது 156,000-ஐவிட 18,000 அதிகம். 18,000 என்பது 9,000-இன் இரட்டிப்பு. வித்தியாசம் ஏதாவது ஒரு வரியின் சரியான இரட்டிப்பாக இருந்தால் அந்த வரியில் குறி புரண்டிருக்கிறது என்று பொருள். டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) பொருந்தாதபோது கணக்காளர்கள் தேடும் அதே பழைய தடயம் இது, இங்கேயும் அப்படியே உதவுகிறது.

மொத்த வரியும் நீங்களே நிரப்பவேண்டியது என்றால் அடுத்தது நிரப்பப்பட்ட எண்கள். அட்டவணையில் போன ஆண்டு நெடுவரிசை இருக்கிறதா? எக்சிபிட்டில் போன ஆண்டு அறிக்கை இருக்கிறதா? அதே வரியில் (4,000) என்று அடைப்புக்குறிக்குள் ஒரு எண் இருந்தால் கேள்வியை எழுதியவரின் வழக்கம் வெளிப்பட்டுவிட்டது. எக்சிபிட்டுகளை எண்ணுக்காக மட்டுமே திறப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. விடையை எந்த வடிவில் எதிர்பார்க்கிறார்கள் என்பதற்கும் அவைதான் சாட்சி.

அதுவும் இல்லை என்றால்? நான் போகிற வழி இது: குறி என்பது கட்டத்துக்குச் சொந்தமானது இல்லை, நெடுவரிசைக்குச் சொந்தமானது. இந்த அட்டவணையில் கீழே உள்ள மூன்று வரிகளும் "(உயர்வு) குறைவு" பாணியில் குறியோடு எண்ணைக் கேட்கின்றன. அதாவது இந்த நெடுவரிசை மேலிருந்து கீழாக நேரே கூட்டப்படுவதற்காக அமைக்கப்பட்டது. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் குறியில்லாமல் நின்றால் கூட்டல் உடையும். ஆகவே -9,000. "கழிக்க" என்ற சொல் அறிக்கையின் வழக்கமான எழுத்துநடை. அமெரிக்க நிதி அறிக்கைகளில் "கழிக்க" என்றும் எழுதி எண்ணையும் அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கத்தில் உள்ளதுதான். மாறாக, நெடுவரிசை முழுக்க "சேர்க்க", "கழிக்க" என்ற சொற்களால் மட்டுமே நடக்கிறது, எங்குமே அடைப்புக்குறி இல்லை என்றால், அங்கே சொற்கள்தான் குறி. எல்லா எண்களையும் நேர்மறையாக இடுவேன்.

எந்த வழக்கத்தை எடுத்தாலும் அந்த நெடுவரிசை முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மைனஸ், பாதிக்கு இல்லை என்று பிரித்துப் போட்டால் ஏதாவது கிடைக்கும் என்று சிலர் பந்தயம் வைக்கிறார்கள். கையில் சாட்சி இருக்கும்போது அதைப் பாதியாக வெட்டி எறிவதில் என்ன லாபம்?

திசையைக் கேட்கிற டிராப்-டவுன்

சில அட்டவணைகளில் ஒரு வரிக்கு இரண்டு விடைகள் இருக்கும்: ஒரு டிராப்-டவுனில் "உயர்வு", "குறைவு", "மாற்றமில்லை", பக்கத்துக் கட்டத்தில் தொகை. ஆடிட்டில் "ஓவர்ஸ்டேட்மென்ட்" (கூட்டிக் காட்டியது), "அண்டர்ஸ்டேட்மென்ட்" (குறைத்துக் காட்டியது) என்று வரும். இங்கே திசையை டிராப்-டவுன் விடையாகவே வாங்கிக்கொள்கிறது. ஆகவே தொகை நேர்மறை. "குறைவு" என்று தேர்ந்துவிட்டு -5,000 என்றும் போட்டால் ஒரே செய்தியை இரண்டு முறை சொன்னதாகிறது. மேலே சொன்ன "கழிக்க" வரிக்கும் இதற்கும் வேறுபாடு இதுதான்: அது கேள்வி எழுதியவர் அச்சிட்ட சொல், இது நீங்கள் கொடுக்கும் விடை. "மாற்றமில்லை" என்றால் தொகைக் கட்டத்தில் 0.

ஜர்னல் என்ட்ரியில் இந்தக் கேள்வியே எழாது. டெபிட், கிரெடிட் என்று இரண்டு நெடுவரிசை இருக்கிறது, திசை அதிலேயே முடிந்துவிட்டது. மைனஸுக்கு அங்கே வேலையில்லை.

ஆடிட்டில் மெல்ல வந்து கவிழ்க்கும் வகை இன்னொன்று உண்டு. எக்சிபிட்டில் உள்ள டிரையல் பேலன்ஸில் ஒரே நெடுவரிசை, கிரெடிட் இருப்புகள் அடைப்புக்குறிக்குள். விற்பனை (842,000), சேர்ந்த பொறுப்புகள், அதாவது இன்னும் செலுத்தாத செலவுகள், (37,500). பதிவாகாத மின்கட்டண பில் 6,200. விடை அட்டவணையில் "சரிக்கட்டல்", "சரிக்கட்டிய இருப்பு" என்று இரண்டே நெடுவரிசைகள். செலவு வரியில் 6,200. பொறுப்பு வரியில் -6,200, சரிக்கட்டிய இருப்பு -43,700. "பொறுப்பு கூடுகிறது" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு 6,200, 43,700 என்று போடுகிறவர்கள் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்தான். அட்டவணை கிரெடிட்டை எப்படி எழுதுகிறது என்பதைத்தான் கவனிக்கவில்லை. இதே இடத்தில் நடக்கும் மற்றொரு பிழை, சரிக்கட்டல் கேட்ட நெடுவரிசையில் இறுதி இருப்பைப் போடுவது. தலைப்பு கேட்பது நகர்வையா, நின்ற இடத்தையா?

வரிப் படிவம் தானே சொல்லிவிடும்

ரெக் பிரிவில் வரிப் படிவம் வடிவில் சிமுலேஷன் வந்தால் பலர் பதறுகிறார்கள். உண்மையில் இதுதான் மிகத் தெளிவான வகை, ஏனென்றால் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்-இன் படிவங்கள் குறியைத் தங்கள் வரிகளிலேயே (இங்கே வரி 7, வரி 8 என்பவை படிவத்தின் லைன்கள்) எழுதி வைத்திருக்கின்றன. ஷெட்யூல் எம்-1-இல் (நிறுவனத்தின் புத்தக லாபத்தை வரிக்குரிய வருமானத்தோடு பொருத்தும் பட்டியல்) வரி 7-உம் 8-உம் புத்தக லாபத்திலிருந்து குறைபவை. அவை சேர்ந்து வரி 9. வரி 10 என்னவென்றால் வரி 6-இலிருந்து வரி 9-ஐக் கழித்தது. கழித்தலைப் படிவமே செய்கிறது. ஆகவே வரி 7-இல் வரிவிலக்குள்ள முனிசிபல் பாண்டு வட்டி 3,400 என்றால் 3,400 என்றே இடவேண்டும். ஷெட்யூல் டி-யில் (மூலதன லாப நட்டப் பட்டியல்) முந்தைய ஆண்டின் குறுகிய கால மூலதன நட்டம் வரி 6-க்கு வரும்; அங்கே அடைப்புக்குறி படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. நட்டத்துக்கான 3,000 டாலர் வரம்பு வரும் வரி 21-லும் அப்படியே. அச்சிட்ட அடைப்புக்குறிக்குள் எண் மட்டும் போதும். அடைப்புக்குறி இல்லாத, லாபமோ நட்டமோ எதுவும் வரக்கூடிய வரியில்தான் மைனஸ் தேவைப்படும். படிவத்தில் "கழிக்கவும்" என்று கீழே ஒரு வரி இருக்கிறதா என்று கண்ணை இரண்டு அங்குலம் இறக்கிப் பார்த்தால் பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

வெற்றுக் கட்டமும் பூஜ்யமும்

எண் அட்டவணையில் தொகை எதுவும் இல்லை என்றால் 0 இடவேண்டும். வெறுமனே விட்டால் அது விடை அல்ல, விடையளிக்காமல் போன கேள்வி. ஜர்னல் என்ட்ரியில் வழக்கம் நேர் எதிர்: எல்லா வரிகளும் தேவைப்படாமல் போகலாம் என்று அறிவுறுத்தலே சொல்கிறது, மிஞ்சிய வரிகளை அப்படியே விடவேண்டும். என்ட்ரியே வேண்டாம் என்றால் "என்ட்ரி தேவையில்லை" என்ற பெட்டியில் டிக் போடவேண்டும். காலியாக விட்டுவிட்டு "அதைத்தான் சொன்னேன்" என்று நினைத்துக்கொள்ள முடியாது. அடுத்தடுத்த இரண்டு சிமுலேஷன்களில் இந்த இரண்டு எதிரெதிர் வழக்கங்களும் வரலாம். முந்தையதன் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டு அடுத்ததில் இறங்கிவிடும்.

ஜர்னல் அறிவுறுத்தலில் இன்னொரு வாசகம் உண்டு: ஒரு என்ட்ரியில் ஒரு கணக்கை ஒரு முறை பயன்படுத்தலாம், அல்லது பயன்படுத்தாமலே விடலாம். இதைப் பலர் தாண்டிப் போகிறார்கள். உபகரணம் விற்று 22,000 ரொக்கம் வந்தது, விற்பனைக் கமிஷனாக 1,000 ரொக்கம் போனது என்றால், ரொக்கத்தை இரண்டு வரியில் எழுதக் கூடாது; நிகரமாக 21,000 டெபிட். சில எண் அட்டவணைகளில் "ஒரு முறை, பல முறை, அல்லது ஒருமுறையும் இல்லாமல்" என்று வரும். அங்கே இந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆவணத் திருத்தச் சிமுலேஷனிலும் இதே கதை. அடிக்கோடிட்ட பகுதியைச் சொடுக்கினால் மாற்று வாக்கியங்களோடு "மூல வாசகம்", "வாசகத்தை நீக்கு" என்ற இரண்டும் பட்டியலில் இருக்கும். இருப்பதே சரி என்றால் மூல வாசகத்தைத் தேர்ந்தே ஆகவேண்டும். தொடாமல் விடுவது ஒப்புதலாகாது. பட்டியல் மூடிய பிறகு தேர்வு பதிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ரவுண்ட் செய்வது எப்போது

"எல்லாத் தொகைகளையும் முழு எண்ணுக்கு ரவுண்ட் செய்யவும்" என்றால் கட்டத்தில் இடும் தொகைகளைத்தான் சொல்கிறார்கள். இடையில் வரும் விகிதங்களை அல்ல. 50,000 டாலர் இயந்திரம், 7 ஆண்டு, எஞ்சிய மதிப்பு இல்லை, 9 மாதத் தேய்மானம். மாதத்துக்கு 595.238. அதை 595 என்று நறுக்கிவிட்டு ஒன்பதால் பெருக்கினால் 5,355. நறுக்காமல் போனால் 5,357. எக்செல் போலவே இயங்கும் விரிதாள் ஒன்று தேர்வில் தரப்படுகிறது. கணக்கை அதில் சூத்திரமாகப் போட்டு, கடைசி எண்ணை மட்டும் ரவுண்ட் செய்தால் இந்த இரண்டு டாலர் பிரச்சினை வராது. ஆனால் மாத விகிதத்துக்கே ஒரு விடைக்கட்டம் இருந்து, அதை இரண்டு தசமத்துக்கு இடச் சொல்லி, "மேலே இட்ட விகிதத்தைப் பயன்படுத்தி" என்றும் எழுதியிருந்தால் அங்கே ரவுண்ட் செய்த எண்தான் பெருக்கப்பட வேண்டும்.

தற்கால மதிப்புக் காரணிகளில் சறுக்கல் எதிர்த்திசையில் வரும். ஆண்டுக்கு 30,000 வீதம் 5 ஆண்டு, 6 சதவீதம். விரிதாளின் சூத்திரம் 126,371 தரும். எக்சிபிட்டில் 4.2124 என்று காரணி தந்திருந்தால் 126,372. காரணியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதைப் பயன்படுத்தத்தான். உங்கள் சூத்திரம் அதிகத் துல்லியமானது என்பதற்கு அங்கே மதிப்பில்லை.

சதவீதக் கட்டத்தில் 12.5 போடுவதா, 0.125 போடுவதா என்பதற்குக் கட்டத்தின் பக்கத்தில் சதவீதக் குறி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் 12.5. எக்சிபிட்டின் தலையில் சிறிய எழுத்தில் "ஆயிரத்தில்" என்று இருந்து, விடை அட்டவணையில் அது இல்லை என்றால் மூன்று பூஜ்யம் சேர்க்கவேண்டும். நம் ஊர் முறையில் 1,00,000 என்று எழுதிப் பழகியவர்கள் 100,000-ஐயும் 1,000,000-ஐயும் அவசரத்தில் மாற்றிப் படிப்பதுண்டு, காற்புள்ளிகளை எண்ணுங்கள். இன்வாய்ஸில் 04/07 என்றிருந்தால் அது அமெரிக்க முறைப்படி ஏப்ரல் 7. கட்-ஆஃப் (எந்தக் காலத்தில் பதிவாகவேண்டும் என்ற) கேள்வியில் இந்த ஒன்றே விடையை ஒரு காலாண்டு தள்ளிவிடும்.

சாட்சியே இல்லாதபோது

எல்லாம் பார்த்தும் தெளியவில்லை என்றால் என்ன செய்வது? தேர்வு மையப் பணியாளர்கள் கேள்வியின் உள்ளடக்கம் பற்றி எதுவும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. திரையில் உள்ள உதவிப் பகுதி கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும், அதற்கு மேல் போகாது. தேர்வு முடிந்து வெளியே வந்து கேள்வியை விவரித்து மற்றவர்களிடம் கேட்பதும் நீங்கள் ஒப்புக்கொண்ட ரகசியக் காப்புக்கு விரோதம். இந்தக் குழப்பம் ஆண்டுக்கணக்கில் தீராமல் சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: குழம்பியவருக்கு எது சரி என்று கடைசிவரை தெரிவதில்லை.

ஆகவே முடிவெடுக்க ஒரு கெடு வேண்டும். நான்கு மணி நேரத்தில் எம்சிக்யூ போக ஒரு சிமுலேஷனுக்கு ஏறத்தாழ 18 நிமிடம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். அதில் எழுதும் வடிவம் பற்றிய சந்தேகத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு வழக்கத்தைத் தேர்ந்து, குறிப்புப் பலகையில் "3-ஆம் சிம், குறைவு = மைனஸ்" என்று ஒரு வரி எழுதி, எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு, திரும்பிப் பார்ப்பதற்கான அடையாளமாகத் திரையில் கொடி போடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஒவ்வொரு பிரிவிலும் மதிப்பெண்ணில் சேராத முன்சோதனைக் கேள்விகளும் கலந்திருக்கின்றன; எது என்று அடையாளம் தெரியாது. விசித்திரமாகத் தோன்றும் ஒன்றில் கால் மணி நேரத்தைப் புதைக்காமலிருக்க அது போதிய காரணம்.

இதற்கான பயிற்சி தேர்வுக்கு முன்பே நடக்கவேண்டியது. தேர்வைத் தயாரிக்கும் ஏஐசிபிஏ தன் தளத்தில் இலவசமாகத் தரும் மாதிரித் தேர்வுகள்தான் உண்மையான திரைக்கு மிக நெருக்கமானவை. நீங்கள் எழுதும் பிரிவை மட்டுமல்ல, மற்றப் பிரிவுகளின் மாதிரியையும் ஒருமுறை திறந்து, விடையைப் பற்றிக் கவலைப்படாமல் அறிவுறுத்தல்களையும் கட்டங்களையும் மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். பயிற்சி மென்பொருள்களில் செய்யும்போது தவறுகளை இரண்டாகப் பிரித்துக் குறித்துவையுங்கள்: கணக்கே தவறு, எழுதிய விதம் தவறு. -9,000-க்குப் பதில் 9,000 என்று போட்டதற்காக ரொக்க ஓட்டப் பாடத்தை மறுபடி முழுக்கப் படிப்பது வீண். அதுபோல, பயிற்சி மென்பொருளின் குறி வழக்கம் தேர்விலும் அப்படியே இருக்கும் என்று மனப்பாடம் செய்துகொள்வதும் ஆபத்து.

தேர்வு நாளில், ஒரு சிமுலேஷன் டெஸ்ட்லெட்டை (கேள்விகளின் ஒரு தொகுதி) சமர்ப்பிக்கும் முன்பு கணக்கை மறுபடி தொடாமல் கட்டங்களை மட்டும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முதலில் கொடி போட்டவை. பிறகு வெற்றுக் கட்டங்கள்: எண் அட்டவணையில் காலியாக ஒன்றும் இருக்கக் கூடாது, ஜர்னலில் காலியான என்ட்ரிக்கு டிக் இருக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு நெடுவரிசையிலும் மேலிருந்து கீழாகக் குறிகள் மட்டும். பிறகு ஆண்டு: கேட்டது ஆண்டு 1-ஆ, ஆண்டு 2-ஆ. இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். சமர்ப்பித்த டெஸ்ட்லெட்டுக்குத் திரும்பி வரமுடியாது.